அமெரிக்க விசா இருக்கிறது. திரும்பும் வழியில் துபாயும் ஜார்ஜியாவும் இறங்கிப் பார்க்கலாமா?

தக்கலை டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் டாலஸில் இருக்கிறாள். 2026 மே இரண்டாம் வாரம் நானும் சாரும் (வீட்டுக்காரர்தான், அவரும் வாத்தியார்) அங்கே போகிறோம். நவம்பர் தொடக்கத்தில் திரும்புவதாக உத்தேசம்.

எங்கள் இருவருக்கும் அமெரிக்க விசிட் விசா 2017 ஜூலையில் பத்து வருடத்துக்குக் கிடைத்தது. அது ஒட்டியிருக்கும் பாஸ்போர்ட் 2024இல் காலாவதியாகிவிட்டது. புதுப்பித்தபோது பழையதின் மூலையை வெட்டிக் கையில் தந்துவிட்டார்கள். இரண்டையும் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

ஊரில் ஒரு டிக்கெட் ஏஜென்ட் சொன்னார்: “அமெரிக்கா விசா இருந்தா உலகமே தொறந்து கெடக்கு டீச்சர். துபாய், ஜார்ஜியா, மெக்சிகோ எங்க வேணும்னாலும் எறங்கலாம்.” சாருக்கு அன்றிலிருந்து ஜார்ஜியா பித்து (அமெரிக்க மாநிலம் இல்லை, அதே பெயரில் உள்ள தனி நாடு). துபாயில் என் அண்ணன் மகன் இருக்கிறான், அங்கே மூன்று நாள் தங்கலாம். மகளோ, டாலஸில் இருந்து மெக்சிகோ பக்கம்தான், கான்கூன் போவோம் என்கிறாள்.

எனக்குப் பயம் இரண்டு. ஒன்று, விசா பழைய பாஸ்போர்ட்டில் இருப்பது. இன்னொன்று என் பெயர். பாஸ்போர்ட்டில் ஒரே சொல்தான், குடும்பப் பெயர் இடம் காலி. அமெரிக்க விசாவில் என் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, முதல் பெயர் இடத்தில் எப்.என்.யூ. (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட்டிருக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு மூன்றாவது நாட்டில் போய் நின்றால் விடுவார்களா?

அப்புறம், மைனியும் (அண்ணன் மனைவி) துபாய்க்கு வந்து எங்களோடு ஜார்ஜியா வரலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு அமெரிக்க விசா கிடையாது.

வடசேரி பையன்:

ஆன்ட்டி, சிங்கப்பூரை விட்டுட்டீங்களே! அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்கு அங்கே 96 மணி நேரம் விசா இல்லாமலே இறங்கலாம். ஃப்ரெண்டோட அப்பா அம்மா போனாங்க. ஜாலியா போயிட்டு வாங்க.

கருங்கல்காரன்:

டீச்சர், வணக்கம். ஷார்ஜாவில் பதினான்கு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்து இப்போது ஊரில் இருக்கிறேன். உங்கள் ஏஜென்ட் சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதிக்கு நான் பட்டதைச் சொன்னால்தான் விளங்கும்.

2019 பெருநாள் லீவில் நாங்கள் ஐந்து பேர் ஜார்ஜியா கிளம்பினோம். வளைகுடா நாடுகளில் ரெசிடென்ஸ் விசா வைத்திருப்பவர்களுக்கு அங்கே தனி விசா வேண்டாம். எங்கள் கூட்டத்தில் முட்டத்துக்காரர் ஒருவர். அவர் கம்பெனி மாறிக்கொண்டிருந்த நேரம். பழைய விசாவை ரத்து செய்தாகிவிட்டது, புதியது இன்னும் அடிக்கவில்லை. நாட்டைவிட்டுப் போக முப்பது நாள் அவகாசம் இருந்தது, எமிரேட்ஸ் ஐடி கார்டும் பையில் இருந்தது. “கார்டு இருக்குல்லா, போதும் மக்கா” என்றார். நாங்களும் தலையாட்டினோம்.

செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பிரித்தாள். அப்போதெல்லாம் விசா பாஸ்போர்ட்டிலேயே இளஞ்சிவப்பு ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். அதன் மேல் ரத்து முத்திரை. கார்டை எடுத்து நீட்டினார். அவள் கார்டைத் தொடவே இல்லை. ஸ்டிக்கரில் விரலை வைத்து, தலையை மட்டும் ஆட்டினாள். அவ்வளவுதான். வழியில் கொறிக்க அவர் கொண்டுவந்த நேந்திரங்காய் சிப்ஸ் பொதியை எங்கள் கையில் தந்துவிட்டு, டாக்சி பிடித்து ரூமுக்குப் போனார். அந்தச் சிப்ஸை நாங்கள் நான்கு நாளும் பிரிக்கவில்லை.

இதில் விஷயம் என்னவென்றால், ஜார்ஜியா போலீஸ் அவரைத் தடுக்கவில்லை. தடுத்தது விமான கம்பெனி. நம்மை ஏற்றிக்கொண்டு போய் அந்த நாடு இறக்கவிடாவிட்டால், திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு அவர்கள் தலையில். பல நாடுகள் அபராதமும் போடும். அதனால் கவுண்டரில் இருப்பவர் டைமாட்டிக் என்ற கணினிப் பட்டியலைப் பார்ப்பார். எந்த நாட்டு பாஸ்போர்ட், எந்த விசா, இன்னும் எத்தனை மாதம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதில் ஒரு வரி நமக்குப் பொருந்தாவிட்டால் தீர்ந்தது. நீங்கள் ஏஜென்டைக் காட்டியும் பயனில்லை, யூடியூபைக் காட்டியும் பயனில்லை.

இனி உங்கள் கணக்கு. டீச்சருக்கே கணக்கு சொல்கிறேன், மன்னிக்கணும்.

துபாய்: அமெரிக்க விசா உள்ள இந்தியருக்கு 14 நாள் ஆன்-அரைவல் விசா (இறங்கியதும் அங்கேயே தருவது) உண்டு. ஆனால் நீங்கள் இறங்கும் அன்று பாஸ்போர்ட்டும் அமெரிக்க விசாவும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். உங்கள் விசா 2027 ஜூலையில் முடிகிறது. நவம்பரில் இறங்கினால் எட்டு மாதம் மிச்சம், தப்பித்தீர்கள். மகள் “இன்னும் கொஞ்சம் இரும்மா” என்று அங்கே தங்குவதை நீட்டிக்க மனுப் போட்டு, பிப்ரவரியில் திரும்பினீர்கள் என்றால் துபாய் போச்சு. அமெரிக்கா போக அந்த விசா அப்போதும் செல்லும், துபாயில் இறங்கத்தான் செல்லாது. ஒரே ஸ்டிக்கருக்கு இரண்டு காலாவதித் தேதி இருக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்: உங்கள் பயம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவிலோ ஆன்-அரைவலிலோ வருகிறவர்களை ஏற்க மாட்டோம் என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. நம்ம ஊரில் பாதிப் பேருக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயருக்கு எங்கே போவது? அந்த வாரம் என் ரூமில் ஒரே ஓலம், பெண்டாட்டி பிள்ளைகளை வரவழைக்க டிக்கெட் போட்டிருந்தவர்கள் எல்லாம் போனும் கையுமாக நின்றார்கள். ரெண்டு மூணு நாளில் தளர்த்தினார்கள்: பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும். இந்திய பாஸ்போர்ட்டில் அது கடைசிப் பக்கத்தில் இருக்கும். உங்களுடையதில் அச்சாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் பாஸ்போர்ட்டும் ஒற்றைப் பெயர்தான். ஒரு தடவை டிக்கெட்டில் என் பெயரையே இரண்டு முறை அடித்துவிட்டார்கள், தூரத்தில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி.

பயணத்துக்கு முன்னால் பெயரைப் பிரித்துப் புது பாஸ்போர்ட் எடுக்கிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். பிறகு அமெரிக்க விசாவில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று இன்னொரு சிக்கல். இப்போது இரண்டிலும் ஒரே பெயர், போட்ட இடம்தான் வேறு.

பழைய பாஸ்போர்ட்: அமெரிக்காவுக்குப் பிரச்சினையே இல்லை. இரண்டையும் சேர்த்துக் காட்டினால் போதும், ஸ்டிக்கரை உரித்து மாற்ற மட்டும் நினைக்காதீர்கள், உரித்தால் விசாவே செல்லாது. துபாய்க்கும் ஜார்ஜியாவுக்கும், எந்த விமானத்தில் போகிறீர்களோ அவர்களுக்கு மெயில் எழுதி, பதிலை அச்செடுத்துக் கையில் வையுங்கள். போனில் கேட்டது கணக்கில் வராது.

ஜார்ஜியா: அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால் 180 நாளில் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் இருக்கலாம். 2026 ஜனவரி முதல் பயணக் காப்பீடு கட்டாயம், குறைந்தது 30,000 லாரி தொகைக்கு. லாரி என்றால் அவர்கள் பணம், நம்ம ஊர் லாரி இல்லை. தகுதி இருந்தாலும் தலைநகர் திபிலிசி இமிக்ரேஷனில் ஆளைப் பார்த்துத்தான் விடுவார்கள். எங்கள் நான்கு பேருக்கும் ஹோட்டல் புக்கிங், ரிட்டர்ன் டிக்கெட் எல்லாம் ஒருத்தன் போனில் இருந்தது. அவன் போன் சார்ஜ் இல்லாமல் செத்துப்போனது. முக்கால் மணி நேரம் ஓரமாக உட்காரவைத்தார்கள். ஆளுக்கு ஒரு செட் பேப்பர், அவரவர் பையில். வெளியே வந்தபிறகு அந்த ஊர் சொர்க்கம்தான். நரிகலா கோட்டை, கந்தகக் குளியல், கச்சாப்புரி என்று முட்டையும் பாலாடைக்கட்டியும் வழியும் ரொட்டி. கஸ்பெகி மலைப் பாதையில் குளிர் தாங்காமல் நான் பீச்சுக்குப் போடுகிற கைலியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நின்ற போட்டோ இன்னும் இருக்கிறது. ஆனால் நவம்பரில் சாருக்கு முட்டுவலி இருந்தால் யோசிக்கணும், ஊரே ஏற்றமும் இறக்கமும்.

மைனி: ஒருவர் விசா இன்னொருவருக்கு உதவாது, புருஷன் பெண்டாட்டி ஆனாலும் சரி. மைனிக்கு அவர்கள் மகனே துபாய் விசிட் விசா எடுக்கலாம். அது விசிட் விசா, ரெசிடென்ஸ் இல்லை. அதைக் காட்டி ஜார்ஜியா போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் ஜார்ஜியாவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

வடசேரி தம்பி சொன்ன 96 மணி நேரம் உண்மைதான். ஆனால் அது மூன்றாவது நாட்டுக்குப் போகிற வழியிலோ வருகிற வழியிலோ மட்டும். திருவனந்தபுரம், சிங்கப்பூர், மறுபடி திருவனந்தபுரம் என்று டிக்கெட் போட்டால் கிடையாது.

குளச்சல் அம்மச்சி பேரன்:

கருங்கல் அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஷெங்கன் விசா (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போவது) உள்ளவர்கள் “எத்தனை நுழைவு” என்ற கட்டத்தைப் பாருங்கள். என் தம்பி ஜெர்மனியில் படிக்கிறான். அப்பா அம்மாவுக்கு எடுத்த விசாவில் அங்கே 01 என்று இருந்தது. இவன் கவனிக்காமல் மியூனிக்கில் இருந்து அல்பேனியா போய்த் திரும்ப ப்ளான் போட்டுவிட்டான். அல்பேனியா ஷெங்கனில் இல்லை. அவர்கள் பலமுறை நுழைவு விசாவைத்தான் ஏற்பார்கள். அப்படியே விட்டாலும், ஒருமுறை வெளியே வந்தால் திரும்ப ஜெர்மனிக்குள் போக முடியாது, ஊருக்கு ரிட்டர்ன் டிக்கெட்டோ மியூனிக்கில் இருந்து! டிக்கெட் போட்ட அன்று ராத்திரியே அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விசாவை எழுத்துக்கூட்டி வாசித்து, “இந்த 01 என்னது மக்களே?” என்று கேட்டதால் தப்பினோம். கடைசியில் குரோவேஷியா போனார்கள். அது 2023 ஜனவரி முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது.

தக்கலை டீச்சர்:

தம்பி, ரொம்ப நன்றி. இரண்டு தடவை வாசித்து நோட்டில் எழுதிவைத்தேன். கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர், அம்மா பெயர், சார் பெயர் மூன்றும் தெளிவாக இருக்கிறது. ஒரு சந்தேகம் பாக்கி. மெக்சிகோ போய்த் திரும்பி அமெரிக்காவுக்குள் நுழைந்தால் ஆறு மாதம் புதிதாகத் தொடங்கும், அப்படியே கூட இருக்கலாம் என்று மகளின் சிநேகிதி சொல்கிறாள். மெய்தானா?

கருங்கல்காரன்:

அதை நம்பி டிக்கெட்டை மாற்றாதீர்கள் டீச்சர். மெக்சிகோவுக்கு, பலமுறை நுழைவு அமெரிக்க விசா இருந்தால் தனி விசா வேண்டாம், அது சரி. 180 நாள் வரை அனுமதி உண்டு, எத்தனை நாள் என்று அங்கே உள்ள அதிகாரி எழுதுவார். ஆனால் முப்பது நாளுக்குள் போய்வருகிற குட்டிப் பயணத்துக்கு அமெரிக்காவில் பொதுவாகப் பழைய ஐ-94 தேதியே (எதுவரை தங்கலாம் என்று நுழையும்போது பதிகிற தேதி) தொடரும். புதுத் தேதி தருவதும் தராததும் அந்தக் கவுண்டரில் இருப்பவர் கையில். கான்கூன் போங்கள், கடலைப் பாருங்கள், வந்து பழைய தேதிக்கே கிளம்புங்கள். கடல் பார்க்க அவ்வளவு தூரமா என்று கேட்க மாட்டேன், நானும் கருங்கலில் இருந்து துபாய் பீச்சுக்குப் போய்ப் படம் எடுத்தவன்தான்.

தக்கலை டீச்சர்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். விமான கம்பெனிக்கு மெயில் போட்டேன். முதல் பதிலில் இணையதளத்தைப் பார்க்கச் சொன்னார்கள். விடாமல் விசா பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து மறுபடி அனுப்பினேன், முப்பது வருடம் பிள்ளைகளிடம் “படியை எழுது” என்று கேட்ட பழக்கம். இரண்டு பாஸ்போர்ட்டையும் கையில் கொண்டு வரவும், அப்பா பெயர் உள்ள பக்கம் போதும், துபாய்க்கு முன்அனுமதியை ஆன்லைனில் எடுத்துக்கொள்ளவும் என்று இரண்டாவது பதிலில் எழுதியிருக்கிறார்கள். மூன்று பிரதி எடுத்தாயிற்று.

ஜார்ஜியாவை விட்டுவிட்டோம். சாருக்கு வருத்தம்தான், கச்சாப்புரி படத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மைனிக்கு மகன் விசிட் விசா எடுக்கிறான். நவம்பரில் நாங்கள் துபாய் இறங்கும்போது அவர்கள் திருவனந்தபுரத்தில் இருந்து முந்திரிக்கொத்தோடு வந்து சேர்வார்களாம். எத்தனை கிலோ கொண்டு போகலாம் என்று இப்போதே என்னிடம் கேட்கிறார்கள். அதை எந்தப் பட்டியலில் பார்க்கணும் தம்பி?