மெத்தூசலா மலையில் இடி இடித்த மதியம்

ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழும் பிரிஸ்டில்கோன் பைன் மரங்களைப் படமெடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நீல வானம் கேட்பார்கள். எனக்கு மேகம்தான் வேண்டும். கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில் இந்த மரங்கள் நிற்கும் தரை டோலமைட் பாறை, கிட்டத்தட்ட சுண்ணாம்பு நிறம். உச்சி வெயிலில் எடுத்தால் தரை வெளுத்துப்போகும், மரத்தின் முறுக்கெல்லாம் கறுப்புத் திட்டாகிவிடும். வானம் மூடினால்தான் பட்டை உரிந்த கட்டையில் ஒவ்வொரு இழையும் தெரியும்.

ஆனால் அங்கே மழைமேகம் லேசில் வராது. பசிபிக்கிலிருந்து வரும் ஈரத்தை மேற்கே இருக்கிற சியரா நெவாடா மலைத்தொடர் பிடித்து வைத்துக்கொள்கிறது. மழையும் பனியும் சேர்த்தே ஆண்டுக்குச் சுமார் 30 சென்டிமீட்டர்தான். ஜூலை, ஆகஸ்டில் மட்டும் தெற்கிலிருந்து ஈரக்காற்று ஏறி, மதியத்துக்கு மேல் இடிமேகமாகத் திரளும். அதை நம்பித்தான் ஒரு ஆகஸ்டில் போனேன்.

10,000 அடி உயரத்தில் இருக்கிற ஷுல்மன் தோப்பு வரை தார்ச்சாலை. மரவளைய ஆராய்ச்சியாளர் எட்மண்ட் ஷுல்மன் 1957இல் வளையங்களை எண்ணி 4,000 ஆண்டுகளைத் தாண்டிய மரம் என்று கண்டுபிடித்த மெத்தூசலா இந்தப் பக்கம்தான். எது அது என்று வனத்துறை காட்டுவதில்லை. நடைபாதையில் எதிரே வந்த ஒரு குடும்பம், கேமராவைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது. தெரியாது என்றதும் அவர்களுக்கு ஏமாற்றம். தெரியாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. 1964இல் நெவாடாவில் இதைவிட மூத்த ஒரு மரத்தை ஆராய்ச்சி என்ற பெயரில் வெட்டியே விட்டார்கள்.

மதியம் தெற்கே வானம் கறுத்தது. வெள்ளைச் சரிவு, அதில் தனியாக ஒரு மரம், பின்னால் கருமேகம். வெயில் இன்னும் மரத்தின் மேல் இருந்தது. அந்த வெளிச்சம் சில நிமிடங்கள்தான் நிற்கும். அவசர அவசரமாக எடுத்துக்கொண்டேன். அப்புறம் மின்னல். எண்ணத் தொடங்கினேன், முப்பதை எட்டுமுன்பே இடிச் சத்தம் வந்துவிட்டது. ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி என்றால், மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று கணக்கு. அந்த மொட்டைச் சரிவில் ட்ரைபாடோடு நிற்பது வீரம் இல்லை. மடக்கிக்கொண்டு வண்டிக்குள் போய்விட்டேன். ஆலங்கட்டி கூரையில் பறை கொட்டியது.

கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் விட்டுத்தான் இறங்கினேன். நான் எதிர்பார்க்காத படம் அப்போது கிடைத்தது. காய்ந்தபோது சாம்பலாகத் தெரிந்த கட்டை, நனைந்ததும் செம்மஞ்சளாக மாறியிருந்தது. போலரைசர் ஃபில்டரைத் திருப்பி ஈரத்தின் மினுக்கத்தைக் குறைத்ததும் நிறம் இன்னும் அழுத்தமாக வந்தது. மின்னல் படம் ஒன்றுகூடத் தேறவில்லை, அதில் வருத்தமும் இல்லை.

போகிறவர்கள் பெட்ரோலையும் தண்ணீரையும் கீழே பிக் பைன் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே இரண்டும் கிடைக்காது. வேர்கள் மேலோட்டமாக ஓடுவதால், நல்ல கோணத்துக்காகக்கூடப் பாதையை விட்டு இறங்காதீர்கள்.