நகராட்சி வாங்கும் கடனை யார் அடைப்பது?

மேலவீதி வாசகர்:
எங்கள் நகராட்சியில் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காகத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்திடம் கடன் பெறச் சென்ற மாதம் மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றினார்கள். நிகழ்ச்சி நிரலில் அது 27-ஆவது பொருள். ஐந்து நிமிடம்கூட விவாதம் இல்லை. கொடுப்பதும் அரசு, வாங்குவதும் அரசு. அப்படியிருக்க, மானியமாகவே கொடுத்துவிட்டால் என்ன? தவணை தவறினால் என்ன ஆகும் என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற கணக்கர்:
ஐயா, நகராட்சி அரசுத் துறை அன்று. தானே வரி விதித்து வசூலிக்கும் தனி அமைப்பு. தன் வருவாயை ஈடாகக் காட்டி அது கடன் வாங்க 1914-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. உலக வங்கி உதவியுடன் 1988-இல் தொடங்கிய நகராட்சி வளர்ச்சி நிதிதான், 1996-இல் தனியார் நிதி நிறுவனங்களும் பங்கேற்ற அறக்கட்டளையாகி, நீங்கள் குறிப்பிடும் நிதியமாயிற்று. எல்லாவற்றையும் மானியமாகக் கொடுத்தால் சில ஊர்களோடு பணம் தீர்ந்துவிடும். கடன் என்றால் ஓர் ஊர் கட்டும் தவணையில் அடுத்த ஊருக்குக் குழாய் பதிக்கலாம். தவணை தவறினால், மாநில நிதி ஆணையப் பரிந்துரைப்படி அரசின் வரி வருவாயிலிருந்து நகராட்சிக்கு வரவேண்டிய பகிர்வுத் தொகையிலேயே பிடித்தம் செய்ய வழி உண்டு. நான் பணியாற்றிய ஓர் ஊரில், அப்படிப் பிடித்தம்போக வந்த தொகை சம்பளத்துக்கே சரியாகிவிட, தெருவிளக்கு மின்கட்டணத்தை இரண்டு மாதம் நிலுவையில் வைத்தோம்.

ஆலந்தூர்வாசி:
மேலே சொன்னதோடு எங்கள் ஊர்க் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1990-களின் இறுதியில் ஆலந்தூர் நகராட்சி ஏறத்தாழ 34 கோடி ரூபாயில் பாதாளச் சாக்கடை போட முனைந்தபோது, அன்றைய தலைவர் ஆர்.எஸ்.பாரதி, வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக நிறுவனத்துக்கு 10,000 ரூபாய் வைப்புத்தொகை என்று அறிவித்து மக்களிடமே கேட்டார். முணுமுணுப்பு இருந்தது, குழாய் வருமுன் பணமா என்று என் தந்தையாரே சண்டைக்குப் போனார், பிறகு கட்டினார், ரசீது இன்றும் அலமாரியில் இருக்கிறது. கடன் அதற்கு மேல்தான் வந்தது. மாதக் கட்டணமும் முன்கூட்டியே பேசப்பட்டது. உங்கள் தீர்மானத்தில் மாதக் கட்டணம் எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள்?

மேலவீதி வாசகர்:
இருவருக்கும் நன்றி. தீர்மான நகலை இன்று வாங்கிப் பார்த்தேன். கடன் தொகை எண்ணாலும் எழுத்தாலும் இருக்கிறது. கட்டணம் "உரிய காலத்தில் நிர்ணயிக்கப்படும்" என்று மட்டும் இருக்கிறது.