சுங்கை பூலோவுக்கு உள்ளான் வந்துவிட்டது. நம் ஏரி மதகு பற்றியும்

நம் ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

துபாய் அண்ணன் இன்னும் வெயில் தணியவில்லை என்கிறார், கனடா அக்கா அதற்குள் ஸ்வெட்டரை எடுத்துவிட்டார். சிங்கப்பூர்க்காரர்கள் நாங்கள் எதை எழுதுவது? மே மாதப் புழுக்கம்தான் செப்டம்பரிலும். ஆனாலும் வடக்கே குளிர் தொடங்கப்போகிற சேதி இங்கே வந்து சேர்ந்துவிட்டது. கொண்டுவந்தவை கரைப்பறவைகள்.

கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி 925 பஸ்ஸைப் பிடித்தால் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போகலாம். நீரிணைக்கு அக்கரையில் ஜொகூர் பாருவின் கட்டடங்கள் தெரியும். பெரிய பாலத்தில் கூட்டம் நின்றால் அது முதலைக்காக. பறவை பார்ப்பவர்கள் மறைவிடங்களுக்குள் வாய்திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

நம் ஊரில் சேற்றில் மூக்கை விட்டு மேய்கிற எல்லாமே உள்ளான்தான். நம்மில் பலர் அதன் குழம்பை ருசித்து வளர்ந்தவர்கள், அந்தப் பழைய கதை இப்போது வேண்டாம். இங்கே கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனி ஆள். செக்கச் சிவந்த காலோடு நிற்பது பவளக்காலி, அதைவிடச் சற்று உயரமாக, வெளிறிய பச்சைக் காலோடு நிற்பது பச்சைக்காலி. சைபீரியாவில் முட்டையிட்டுவிட்டு வந்த பொன்னிற உப்புக்கொத்திகளின் நெஞ்சில் இனப்பெருக்கக் காலத்துக் கறுப்பு இன்னும் திட்டுத்திட்டாக மிச்சமிருக்கிறது. பழைய உடையைப் பாதி கழற்றிய கூத்துக்காரர்களைப் போல இருக்கின்றன.

இவற்றில் பல இனங்களில் முதிர்ந்த பறவைகள் முதலில் கிளம்பிவிடுகின்றன. அந்த ஆண்டுக் குஞ்சுகள் பிறகு புறப்பட்டு, வழிகாட்டப் பெற்றோர் இல்லாமலே வந்து சேர்கின்றன. 2022 அக்டோபரில் ஐந்து மாத வயதுள்ள பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர் இடைநிற்காமல் பறந்தது. பதினொரு நாள், இரையும் இல்லை, நீரும் இல்லை. புறப்படுமுன் சேர்த்துவைத்த கொழுப்பே வழிச்சோறு. இதைப் படித்துவிட்டு யாரும் நம்மையும் பறவையையும் ஒப்பிட்டுக் கவிதை அனுப்ப வேண்டாம். அதற்கு வொர்க் பெர்மிட்டும் கிடையாது, ஏஜெண்டுக்குக் கட்ட வேண்டிய கடனும் கிடையாது.

நான் எழுத வந்தது மதகைப் பற்றி.

சுங்கை பூலோவின் குளங்கள் ஒரு காலத்தில் இறால் பண்ணைகள். 1986இல் பறவை பார்ப்பவர்கள் சிலர் அங்கே வந்திறங்கும் கூட்டத்தைக் கண்டு, இடத்தைக் காப்பாற்றும்படி அரசுக்கு எழுதினார்கள். 1993இல் அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது, 2002இல் சட்டப்படியான காப்பகமானது. ஆனால் இறால் வளர்த்தவர்களின் மதகு முறையை விட்டுவிடவில்லை. ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறும்போது வெளியே மண்டாய் சேற்றுத்திடல் மூழ்கிவிடும். அந்த நேரத்தில் உள்ளே குளத்தில் நீரைக் குறைத்து வைத்திருப்பார்கள். மேய்ச்சல் இழந்த பறவைகள் உள்ளே வந்து ஒற்றைக்காலில் நின்று இளைப்பாறும். நீர் ஒரு முழம் கூடினால் இந்தக் குட்டைக்கால் பறவைகளுக்கு நிற்க இடமில்லை, முழுவதும் வற்றினால் சேறு இறுகி இரை எட்டாது. ஆக, ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் பறவைக்குத் தங்குமிடம் உண்டா இல்லையா என்பதை மதகைத் திறந்து மூடுகிறவர் தீர்மானிக்கிறார்.

கோடியக்கரை 1967இலிருந்தே சரணாலயம், அதே 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ள வனத்துறை இருக்கிறது. நம் பெரிய ஏரியைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? 2018 கஜா புயலுக்குப் பிறகு மதகுக் கதவு சரியாக மூடுவதில்லை. ஐப்பசி கார்த்திகையில் நிரம்பும் தண்ணீர் பொங்கலுக்குள் ஓடிவிடுகிறது. ஏரிக்குள் சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கிறது. கரைப்பறவைகளுக்கு நாலாபுறமும் பார்வை எட்டும் வெட்டவெளி வேண்டும். எதிரி வருவது தெரியாத புதருக்கு நடுவே அவை இறங்கா. மதகு சரியாக இல்லாததால் நட்டம் பறவைக்கு மட்டுமா? கடைமடை வயல்காரர்களைக் கேட்டுப்பாருங்கள்.

இங்கே தடம் காட்டும் கருவி பொருத்தி விட்ட பவளக்காலிகள் சில இமயமலையைத் தாண்டித் திபெத் பீடபூமிக்குப் போனதாக 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. இந்தியாவுக்கு வரும் பறவைகள் பலவும் இமயமலையைத் தாண்டித்தான் வருகின்றன. ஆகவே சுங்கை பூலோ பறவைக்கும் நம் ஊர்ப் பறவைக்கும் சம்பந்தமே இல்லை என்று வாதாட வருபவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு வரவும்.

சென்ற கூட்டத்தில் ஊர் எல்லையில் வரவேற்பு வளைவு கட்டலாம் என்று பேசினோம். எனக்கு அதில் விருப்பமில்லை. ஊருக்கு வருகிறவர்களுக்கு ஊர் எது என்று தெரியும். அந்தப் பணத்தில் மழைக்கு முன் மதகுக் கதவை மாற்றலாம், கோடையில் கருவேலத்தை வேரோடு எடுக்கலாம். ஊராட்சி ஒப்புதல் வேண்டும்; ‘நமக்கு நாமே’ திட்டத்தில் நாம் ஒரு பங்கு செலுத்தினால் மீதியை அரசிடம் கேட்கவும் வழி உண்டு. தலைவர் சித்தப்பா ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்து எழுதினால் நல்லது.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை என்னோடு வாருங்கள். ஓதம் உச்சத்துக்கு வரும் நேரத்தைப் பார்த்துச் சொல்கிறேன். நீர் இறங்கியிருக்கும்போது போனால் எல்லாம் தூரத்துப் புள்ளிகளாகத்தான் தெரியும். தொலைநோக்கி என்னிடம் ஒன்று இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்க்கலாம். கொசு மருந்தை மறக்க வேண்டாம்.

மதகுக்கு ஆதரவானவர்கள் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள். வளைவுதான் வேண்டும் என்பவர்களும் எழுதுங்கள், சண்டைக்கு நான் தயார்.