கூண்டிலிருந்து ஆழ்கூளத்துக்கு: தரை முட்டையைக் குறைக்க வழி சொல்லுங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999/74 விதிப்படி, 1,000 முட்டைக்கோழிகள் உள்ள ஒற்றைத்தளக் கொட்டகை ஒன்றைக் கூண்டில்லா ஆழ்கூள முறைக்கு (தரையில் உமி, மரத்தூள் போன்ற கூளம் பரப்பி வளர்ப்பது) மாற்றக் கணக்குப் போட்டிருக்கிறோம். சதுர மீட்டருக்கு 9 கோழி என்றால் 112 சதுர மீட்டர் வேண்டும். கோழிகள் முட்டையிடும் பெட்டிகளின் பரப்பு இதில் சேராது. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். 7 கோழிக்கு ஒரு பெட்டி, ஆக 143. கோழிக்கு 15 செ.மீ. வீதம் 150 மீட்டர் அமரும் கழி, 10 கோழிக்கு ஒன்று வீதம் 100 நிப்பிள் (கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய்முனை). கோழிக்கு 250 ச.செ.மீ. கூளம் என்பது 25 சதுர மீட்டர்தான். ஆனால் தரையில் மூன்றில் ஒரு பங்கு கூளமாக இருக்க வேண்டும் என்பதால் 37க்குமேல் தேவை.

சிக்கல் இடத்தில் இல்லை, கோழியின் பழக்கத்தில். கூண்டில் வளர்ந்த பெட்டைகளுக்குக் கழியில் ஏறவும் பெட்டிக்குள் போகவும் தெரியாது. முட்டையைக் கூளத்தில் இட்டுவிடும். இதுதான் தரை முட்டை. அழுக்கு முட்டை முதல் தரத்தில் போகாது. அந்த இழப்பு மிச்ச முட்டையின் விலையில் ஏறி வாங்குபவர் தலையில் விழும். பெரிய பண்ணை இதைத் தாங்கும், சிறு பண்ணை தாங்காது. அந்த வாங்குபவருக்கோ, முட்டையில் அச்சிடும் முதல் எண் 2 என்றால் கொட்டகைக்குள் வளர்ந்தது, வெளியே மேய்ந்ததல்ல என்பதைக்கூட யாரும் சொல்வதில்லை.

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: முட்டையிடத் தொடங்குவதற்கு எத்தனை வாரம் முன்பே கோழிகளை மாற்றுகிறீர்கள்? இருண்ட மூலைகளுக்கு விளக்கா, தடுப்பா? தொடக்கத்தில் கூளத்தை மெல்லியதாகப் பரப்புவது பலன் தருகிறதா? கழியின் இணைப்புகளில் ஒளிந்திருக்கும் செவ்வுண்ணிக்கு (கோழியின் இரத்தம் குடிக்கும் சிறு பூச்சி) என்ன செய்கிறீர்கள்? நிப்பிளுக்குக் கீழே கூளம் நனைந்து அமோனியா ஏறுவதை எப்படித் தடுக்கிறீர்கள்?