கொடுவா சினை சாம்பிள்ல ஆர்என்ஏ உடைஞ்சு போகுது, வழி சொல்லுங்க

அண்ணன்மாரே அக்காமாரே, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊருல இருந்து எழுதுறேன். கொடுவா மீனு மொதல்ல ஆணா இருந்து பெறகு பெட்டையா மாறும்ல, அப்ப வாசா ஜீனும், ஆண் தன்மையோட சம்பந்தப்பட்ட டிஎம்ஆர்டி1 ஜீனும் வேலை செய்யுற அளவு எப்படி ஏறி இறங்குதுன்னு, அதுங்களோட நகலான ஆர்என்ஏவ அளந்து பாக்குறதுதான் என் ப்ராஜெக்ட். இந்த வாசா இருக்கே, கரு முட்டைக்குள்ள இருக்கும்போதே சினையணுவாவோ விந்தணுவாவோ ஆகப்போற செல்லுல வேலைய ஆரம்பிச்சு வளந்த மீனு வரைக்கும் தொடருது, அதனாலதான் இத விட மனசில்ல.

ஆனா பாம்பன்ல விடியக்காலம் கரை சேருற வள்ளத்துல மீன் வாங்கி, அங்கேயே அறுத்து ஐஸ்ல வச்சு கொண்டாந்தாலும் ஜெல்லுல ஓட்டிப் பாத்தா ஆர்என்ஏ உடைஞ்சுபோயி, பட்டையா தெரியாம இழுவிக்கிட்டு நிக்குது, மூணு தடவையும் இப்படியே. திரவ நைட்ரஜன் கைவசம் இல்ல. ஆர்என்ஏலேட்டர்ல (ஆர்என்ஏ கெடாம காக்குற திரவம்) போட்டவங்க துண்டு எவ்ளோ சின்னதா வெட்டுனீங்க? ஒப்பிட்டுப் பாக்க அளவுகோலா வச்ச பீட்டா ஆக்டின் ஜீனும் சினைக்கும் விந்துப்பைக்கும் ஒரே அளவா வரல, ஒப்பிட வேற எந்த ஜீன் எடுத்தீங்க? தெரிஞ்சவங்க கண்டிப்பா சொல்லுங்க, அடுத்த வாரம் மறுபடி சாம்பிள் எடுக்கணும்.