குரோம் கழுவுநீர்: மருந்து போட்டும் மஞ்சள் போகவில்லை, உதவி தேவை

கம்பளைத்தம்பி:
வணக்கம். கம்பளைப் பக்கம் சிறிய முலாம் பூசும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத் தண்டுகள், மோட்டார் சைக்கிள் பாகங்கள் எல்லாம் குரோம் போட வரும். கழுவுநீரை 200 லீட்டர் பரலில் பிடித்து, சல்பூரிக் அசிட், பிறகு மெட்டாபைசல்பைட் 100 கிராம், கலக்கிவிட்டுக் கோஸ்டிக் சோடா. வெயில் காலத்தில் ஒழுங்காகத்தான் இருந்தது. மழை பிடித்ததிலிருந்து பச்சைக் கசடு கொஞ்சம்தான் படிகிறது, மேல்நீர் மஞ்சளாகவே நிற்கிறது. மருந்து போடும் முன் குரோமியம்-6 (குரோமியத்தின் நச்சு வடிவம்) லீட்டருக்கு 120 மில்லிகிராம் என்று ஆய்வுகூட அறிக்கை. கீழே ஓடும் ஓடை மகாவலியில் விழுகிறது, அதனால் திறந்துவிட மனமில்லை. பரல்கள் நிறைகின்றன. என்ன செய்யலாம்?

மழைச்சாரல்:
கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் போட்டுப் பாருங்கள், எந்த நிறமும் போய்விடும்.

பழைய_கெமிஸ்ட்:
ஐயோ, வேண்டாம். குளோரின் ஒட்சியேற்றி. குரோமியம்-3 ஆக மாறியதையும் அது திரும்ப 6 ஆக்கிவிடும்.

தம்பி, மேல்நீர் மஞ்சள் என்றால் குரோமியம்-6 மாறாமல் மிஞ்சியிருக்கிறது. அதற்கு எவ்வளவு கோஸ்டிக் ஊற்றினாலும் படியாது, 3 ஆனால்தான் ஐதரொட்சைட்டாக இறங்கும். உங்கள் கணக்கைப் பார்ப்போம். 200 லீட்டரில் 24 கிராம் குரோமியம். ஒரு கிராமை 6-இலிருந்து 3 ஆக மாற்ற மெட்டாபைசல்பைட் ஏறக்குறைய 2.7 கிராம், ஆக 66 கிராம் போதும். நீங்கள் 100 போடுகிறீர்கள். அளவு குறைவில்லை. அப்படியானால் பிஎச் (அமில அளவு; குறைந்தால் அமிலம் அதிகம்) இறங்கவில்லை, அல்லது தூளில் வீரியம் இல்லை. அசிட் போட்ட பிறகு பிஎச் எவ்வளவு? தூள் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

கம்பளைத்தம்பி:
பிஎச் தாளில் 4 போலத் தெரியும். மஞ்சள் தண்ணீரில் தாளின் நிறம் பிடிபடுவதும் கஷ்டம், அண்ணா. தூள் சாக்கைத் திறந்தே வைத்திருக்கிறோம், இப்போது கட்டி கட்டியாக இருக்கிறது.

பழைய_கெமிஸ்ட்:
இரண்டுமே காரணம். பிஎச் 2 முதல் 2.5 வரை இருந்தால் சில நிமிடங்களில் மஞ்சள் பச்சையாகும். 4-இல் அதே வேலை நத்தை வேகம். மலையக மழையில் திறந்த சாக்கு ஈரத்தையும் காற்றையும் இழுத்து, மெட்டாபைசல்பைட் சல்பேட்டாகிக்கொண்டே போகும். பார்மசியில் விற்கும் அயடின் கரைசலில் சோதிக்கலாம்: பழைய தூளையும் புதிய தூளையும் ஒரே அளவு, ஒரே அளவு தண்ணீரில் கரைத்து, அயடினைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். எத்தனை சொட்டு வரை பழுப்பு மறைகிறது என்று ஒப்பிட்டால் வீரியம் தெரிந்துவிடும். ஒரு பிஎச் மீட்டரும் வாங்குங்கள், தாளை நம்ப வேண்டாம்.

அப்புறம் கோஸ்டிக்கைப் பிஎச் 8.5 ஆனதும் நிறுத்துங்கள். 10, 11 என்று போனால் படிந்த ஐதரொட்சைட்டே திரும்பக் கரையும்.

நாவலப்பிட்டி_அக்கா:
ஒன்று கேட்க வேண்டும். செம்பு சயனைட் தொட்டி இருக்கிறதா? அந்தக் கழுவுநீர் இந்தப் பரலில் சொட்டும் விழக் கூடாது. அசிட் பட்டால் ஐதரசன் சயனைட் வாயு வரும், ஆளைக் கொல்லும். மெட்டாபைசல்பைட்டும் அசிட்டில் சல்பர் டைஒட்சைட்டைக் கக்கும். ஆஸ்துமாக்காரர் கிட்டவே நிற்க வேண்டாம். மழை என்று கதவைச் சாத்திக்கொண்டு செய்யாதீர்கள்.

கம்பளைத்தம்பி:
செம்புத் தொட்டி இல்லை, நிக்கல்தான். புதுத் தூள் வாங்கி, மீட்டரில் 2.3 வைத்துச் செய்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்த பச்சை. 8.5-க்கு ஏற்றியதும் பஞ்சு போலக் கசடு, ஆனால் மெதுவாகத்தான் இறங்குகிறது.

பழைய_கெமிஸ்ட்:
குளிரில் அப்படித்தான். கசட்டைத் திரள வைக்கும் எதிரயனி (anionic) பொலிமரை முன்கூட்டியே தண்ணீரில் நன்றாகக் கரைத்துச் சிறிதளவு விட்டு, மெதுவாகக் கலக்குங்கள். வேகமாகக் கலக்கினால் திரள் உடையும். நிக்கல் கழுவுநீரைத் தனியாகப் பிடியுங்கள். அது சரியாகப் படிய பிஎச் 10 போல வேண்டும், குரோமியத்துக்கு அது கூடாது.

தெளிந்த நீரைக் கண்ணால் பார்த்துத் திறந்துவிடாதீர்கள். டைபீனைல் கார்பசைட் சோதனையில் ஊதா வந்தால் குரோமியம்-6 இன்னும் இருக்கிறது. மொத்தக் குரோமியத்துக்கு ஆய்வுகூடம்தான்.

கம்பளைத்தம்பி:
கசட்டைத் துணிப்பையில் வடித்து, தேயிலை மலை ஓரம் குழி வெட்டிப் புதைக்கலாமா? முதலாளி அதைத்தான் சொல்கிறார்.

நாவலப்பிட்டி_அக்கா:
கூடாது. அது அட்டவணைக் கழிவு, அதாவது சட்டப்படி தனியாகக் கையாள வேண்டிய ஆபத்தான கழிவு. வடித்துக் காயவைத்து, மழை படாத இடத்தில் மூடிய பீப்பாயில், பெயர் எழுதி வையுங்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் உள்ளவர்களிடம்தான் கொடுக்கலாம். அவர்களின் மாகாண அலுவலகத்தில் கேட்டால் யாரிடம் என்று சொல்வார்கள்.