'கிரேஸ்லேண்ட்' ஆல்பத்தை பேஸ் கிட்டார் வழியாகக் கேட்டபோது

அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் 'கிரேஸ்லேண்ட்' (1986) ஆல்பத்தைப் பாடல்களுக்காக அல்ல, பேஸ் கிட்டாருக்காகத்தான் கேட்கத் தொடங்கினேன். 'யூ கேன் கால் மீ ஆல்' பாடலில் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துபோகும் ஒரு பேஸ் துணுக்கு, இவ்வாத்தியம் வாசிப்பவர்களிடையே மிகவும் பிரபலம். தென்னாப்பிரிக்கக் கலைஞர் பகிதி குமாலோ, ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) இல்லாத பேஸ் கிட்டாரில் அதை வாசித்தார். ஆனால் அவர் வாசித்தது முதல் பாதியை மட்டுமே, மறுபாதி அதே ஒலிநாடாவைத் திருப்பி ஓட்டிச் சேர்க்கப்பட்டது. வேகத்தைக் குறைத்து ஹெட்ஃபோனில் கேட்டால், முதலில் ஒவ்வொரு சுரமும் பளிச்சென்று பிறந்து தேய்வதும், பின்னர் ஒன்றுமில்லாமையிலிருந்து வீங்கி வந்து சட்டென அறுபடுவதும் தெளிவாகத் தெரியும். சுரங்களை விரலால் எட்டிவிட முடிகிறது. அந்த வீக்கத்தை மட்டும் எட்ட முடியவில்லை.

அதன் பிறகே முழு ஆல்பத்தையும் பொறுமையாகக் கேட்டேன். சைமன் 1985-இல் ஜோகன்னஸ்பர்க் சென்று, கிட்டார் கலைஞர் ரே ஃபிரி போன்ற உள்ளூர்க் கலைஞர்களுடன் தாளத்தையும் கிட்டாரையும் முதலில் பதிவுசெய்து, பெரும்பாலான மெட்டுகளையும் வரிகளையும் ஊர் திரும்பியபின் அப்பதிவுகளின்மீது அமைத்தார். அதனால்தான் அவருடைய குரல், கிட்டார் விட்டுவைக்கும் இடைவெளிகளில் ஒதுங்கி நடப்பதுபோல் ஒலிக்கிறது. வெளிநாட்டு வாத்தியத்தை மேலே தூவிவிடும் கலவைகளில் (அவையே அதிகம்) இது வாய்ப்பதில்லை. தலைப்புப் பாடலில், அமெரிக்க கன்ட்ரி இசைக்கே உரியதென்று நாம் நினைக்கும் பெடல் ஸ்டீல் கிட்டாரை (கிடைமட்டமாக வைத்து, தந்திகள்மீது உலோகத்துண்டை வழுக்கி வாசிப்பது) வாசிப்பவர் நைஜீரியரான டெமோலா அடெபோஜு. மாறாக, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து ஸைடெகோ என்ற நாட்டுப்புற நடன இசையில் அமைந்த பாடல் உட்பட இறுதி இரண்டும், நல்ல பாடல்களே ஆயினும், எனக்கு ஒட்டவில்லை.

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசுக்கு எதிராக ஐ.நா. அறிவித்திருந்த பண்பாட்டுப் புறக்கணிப்பை மதிக்காமல் சைமன் அங்கு சென்றதற்குக் கடும் கண்டனம் எழுந்தது. அக்கண்டனத்தை நான் தள்ளிவிடமாட்டேன்; போராடியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனினும், வாத்தியமே இல்லாமல் தென்னாப்பிரிக்கப் பாடகர் குழுவான லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோவினர் ஸூலுவிலும் ஆங்கிலத்திலும் பாடும் 'ஹோம்லெஸ்' பாடலின் ஆக்கத்தில், அக்குழுவின் தலைவர் ஜோசப் ஷபலாலாவின் பெயரும் சைமனின் பெயரோடு சேர்த்தே பதிவாகியிருக்கிறது.